கொடைக்கானல் ஏரிக்கு வந்த தூத்துக்குடிப் படகும் நான் பதில் சொல்லாத இரண்டு கேள்விகளும்



இந்த முறை கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். காபி போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள். நேரமில்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை படியுங்கள், பரீட்சை ஒன்றும் வைக்க மாட்டேன்.

1986ஆம் ஆண்டு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொடைக்கானல் ஏரியைச் சுற்றி நடக்கக் கூட்டிப் போயிருந்தேன். அந்த நடையில் வந்தவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். சுமார் ஐந்து கிலோமீட்டர் சுற்று. படகுத்துறைக்கு எதிரே உங்களை நிறுத்தி, வருடா வருடம் சொல்கிற பாடத்தைச் சொன்னேன். "1863ல் மதுரை கலெக்டராக இருந்த சர் வியர் ஹென்றி லெவிஞ்ச், ஓடைகளை மறித்துக் கரை கட்டி இந்த ஏரியை உருவாக்கினார். மீன் விட்டார். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்தார்."

வரிசையின் கடைசியில் ஒரு கை தூக்கியது. அந்த வருடம்தான் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, சித்தி வீட்டில் தங்கிப் படித்த பையன். அப்பா கடல் தொழில்.

"டீச்சர், அந்தப் படகை மலைமேல தூக்கிட்டு வந்தது யாரு?"

நான் பதில் சொல்வதற்குள் இன்னொன்றும் கேட்டான். "எங்க ஊர்ப் படகுன்னா பாய் இருந்திருக்குமே டீச்சர், பாய் எங்க?"

எனக்கு இரண்டுக்கும் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பரீட்சைக்கு வராததை எல்லாம் எதுக்குக் கேக்குற? வரிசையில நட" என்றேன். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். பத்தாம் வகுப்பு முடிக்கும் வரை அவன் என் வகுப்பில் கை தூக்கவே இல்லை. நான் அதைக் கவனித்தேன், ஆனால் ஒன்றும் செய்யவில்லை.

போன ஜனவரியில் ஒரு கல்யாணத்துக்காகத் தூத்துக்குடி போனபோது அவனைப் பார்த்தேன். இனி 'அவர்' என்றே எழுதுகிறேன். ஐம்பதைத் தாண்டிவிட்டார், தலை நரைத்துவிட்டது. கல்யாண மண்டபத்தில் தானாகவே தேடி வந்து பேசினார். மறுநாள் காலை அவர் கடற்கரையில் நடந்ததைப் பிறகு சொல்கிறேன். முதலில், முப்பத்தெட்டு வருடம் தாமதமாக, அந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் எழுதிவிடுகிறேன்.

முதல் கேள்வி: தூக்கி வந்தது யார்?

நம் பாடநூல்களில் 'கொண்டுவந்தார்' என்று ஒரு வினைச்சொல் உண்டு. மன்னர் கோயில் கட்டினார், கலெக்டர் படகு கொண்டுவந்தார். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தனை தோள்கள் இருக்கின்றன என்று பார்ப்போம்.

இன்று நாம் வத்தலக்குண்டு வழியாக ஏறும் காட் ரோடு அப்போது கிடையாது. மேஜர் லா என்பவர் பெயரால் வழங்கும் அந்தச் சாலை 1914ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் போடப்பட்டது. திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் வந்தது 1875ல். இன்று 'கொடைக்கானல் ரோடு' என்று பெயர் பலகை இருக்கும் அம்மையநாயக்கனூர் நிலையம் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் ரயில் ஓடத் தொடங்கியது அதற்கும் பிறகு. ஏரி உருவான 1863ல் தூத்துக்குடியிலிருந்து ஒரு பொருள் மதுரைப் பக்கம் வர வேண்டுமென்றால் மாட்டுவண்டிதான்.

மாட்டுவண்டியும் மலையடிவாரம் வரைதான். பெரியகுளம் பக்கத்தில் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பு என்ற இடத்திலிருந்து செண்பகனூர் வரை பத்துப் பன்னிரண்டு மைல் மலைப்பாதை. குதிரையில் ஏறலாம், நடக்கலாம், வசதியுள்ளவர்கள் டோலியிலும் நாற்காலியிலும் உட்கார்ந்து ஆட்கள் தூக்கிவர ஏறலாம். வண்டி ஏறாது. அந்தப் பாதையைச் சீராக்கியதிலும் லெவிஞ்சுக்குப் பங்கு உண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை. ஏரிக்கரையைத் தன் சொந்தச் செலவில் கட்டியவர் என்றே அவரைப் பற்றிய பதிவுகள் சொல்கின்றன. ஓய்வு பெற்ற பிறகும் இதே ஊரில் வாழ்ந்து, 1885ல் காலமானார்.

ஆனால் கடல்மட்டத்தில் இருந்த ஒரு படகு சுமார் 2,100 மீட்டர் உயரத்துக்கு வந்ததென்றால், கடைசிப் பத்துப் பன்னிரண்டு மைலுக்கு மனிதத் தோளைத் தவிர வேறு வழி இருந்திருக்க முடியாது. முழுசாகத் தூக்கினாலும் சரி, பலகையாகப் பிரித்துத் தூக்கினாலும் சரி. வளைவுகளில் முன்னால் போகிறவர் குனிய, பின்னால் வருகிறவர் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருப்பார். டோலி தூக்கியவர்களும் மூட்டை சுமந்தவர்களும்தான் அந்தப் படகையும் சுமந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

கலெக்டர் தூத்துக்குடிக்கு ஏன் போனார்? அப்போது மதுரை மாவட்டத்துக்குள்ளேயே கடல் இருந்தது. ராமநாதபுரம் பகுதி 1910 வரை மதுரை மாவட்டத்தோடு சேர்ந்தது. கீழக்கரையும் பாம்பனும் அவர் ஆட்சிக்கு உட்பட்டவை. தூத்துக்குடியோ திருநெல்வேலி மாவட்டம். அங்கே போனதற்கு ஊர் அமைப்பையே காரணமாகச் சொல்லலாம். தூத்துக்குடியில் கரையோரக் கடல் ஆழம் குறைவு. பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளித்தான் நங்கூரம் போடும். பஞ்சு மூட்டையிலிருந்து ஆட்கள் வரை எல்லாமே கரைக்கும் கப்பலுக்கும் இடையே படகில்தான் போய்வர வேண்டும். போதாததற்கு முத்துக்குளிப்பு. கொழும்புக்கு ஓடும் பாய்மரத் தோணிகள் வேறு. படகு கட்டுகிறவர்களும் பாய் தைக்கிறவர்களும் நிறைந்த ஊர் அது. நல்ல படகு வேண்டுமென்றால் அங்கே போவது இயல்பு.

இரண்டாவது கேள்வி: பாய் எங்கே?

இதற்குப் பதில் சொல்ல, அந்த ஊர்க் கட்டுமரத்தின் பாயைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கும் ஜனவரியில்தான் தெரிந்தது.

கட்டுமரப் பாய் முக்கோணம். நீளமான ஒரு கழியில் அதன் ஒரு பக்கம் முழுவதும் கட்டப்பட்டிருக்கும். அந்தக் கழிக்குப் பருமல் என்று பெயர். பாயை ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் பின்மூலையிலிருந்து ஓட்டுகிறவர் கைக்கு வரும் கயிறு தாமான். பாயின் அடிவிளிம்பு எதிலும் கட்டப்படுவதில்லை. அடியில் கம்பே கிடையாது. அது காற்றில் சும்மா விடப்பட்டிருக்கும். திடீரென்று பலமாகக் காற்றடித்தால் தாமானை விட்டுவிட்டால் போதும். பாய் கொடி மாதிரிப் படபடக்கும், மரம் கவிழாமல் தப்பும். ஆட்களின் தலையில் இடிக்கவும் கம்பு இல்லை.

இன்றைய சிறிய பாய்ப்படகுகளில் பாயின் அடியில் கிடையாக ஒரு கம்பு வரும். அதை பூம் என்கிறார்கள். பாயின் அடிவிளிம்பை அந்தக் கம்போடு சேர்ப்பதில் இரண்டு வழிகள் உண்டு. விளிம்பு முழுவதையும் கயிறு கோத்துக் கம்போடு கட்டிவிடலாம். அல்லது முன்மூலை, பின்மூலை இரண்டை மட்டும் கட்டி, நடுவில் உள்ள விளிம்பைச் சும்மா விடலாம். இரண்டாவது வகையில், கம்பு இருந்தாலும், கட்டுமரப் பாயின் குணம் கொஞ்சம் தங்கிவிடுகிறது.

இப்போது கடற்கரைக்கு வருகிறேன்.

என் மாணவர் ஒரு சின்ன ஃபைபர் படகு வைத்திருக்கிறார். விடுமுறையில் மகளுக்குப் பாய் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறார். "டீச்சர், நீங்களே கட்டுங்க" என்று பாயை என் கையில் கொடுத்தார். பாய்மரம் நிறுத்தியாகிவிட்டது, பாயும் ஏற்றியாகிவிட்டது. அடிவிளிம்பு நெடுக வளையம் வைத்த துளைகள் இருந்தன. துளை இருக்கிறதென்றால் கட்டத்தானே? நான் ஒவ்வொரு துளையிலும் கயிறு விட்டுக் கம்போடு இழுத்து இழுத்துக் கட்டினேன். தலையணை உறைக்கு நாடா கட்டின மாதிரி அழகாக இருந்தது. எனக்குப் பெருமை.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. "சரி டீச்சர், ஒரு சுத்து போயிட்டு வருவோம், ஏறுங்க" என்றார்.

போனோம். காலைக் காற்று மெதுவாகத்தான் இருந்தது. படகு நகர்ந்தது, ஆனால் சோம்பலாக. பாயின் மேல்பாதி வளைந்திருந்தது. அடிப்பகுதி பலகை மாதிரித் தட்டையாக நின்றது. கரைக்குத் திரும்பியதும், "இப்ப நடுவுல உள்ள கட்டு எல்லாத்தையும் அவுத்துடுங்க டீச்சர். ரெண்டு மூலை மட்டும் இருக்கட்டும்" என்றார். எனக்கு மனசே இல்லை. அரைகுறை வேலை மாதிரித் தோன்றியது. அவிழ்த்தேன்.

பின்மூலையைக் கம்பின் கடைசி வரை இழுக்க ஒரு கயிறு. அதே மூலை மேலே எழும்பாமல் இருக்கக் கம்பைச் சுற்றி ஒரு வார். இந்த இரண்டாவதை மறந்தால் வேலை கெட்டது. பாய் காற்றில் நிறையும்போது அந்த மூலை மேலே எகிறும், கம்பு ஒருபக்கம் பாய் ஒருபக்கம் என்று ஆகிவிடும். பிறகு பின்மூலைக் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தச் சொன்னார். எவ்வளவு என்று கேட்டேன். "கம்புக்கும் பாய் வளைவுக்கும் நடுவுல ஒரு சாண் வைங்க. காத்து பலமானா இழுத்துக் குறைச்சுக்கலாம்." என் சாண் வைத்தேன்.

திரும்பப் போனோம். அதே படகு, அதே காற்று, அதே ஆட்கள். இந்தத் தடவை தண்ணீர் படகின் பக்கத்தில் சளசளவென்று சத்தம் போட்டது. அவர் மகள், "ஆச்சி, கம்பு வருது, தலையக் குனிங்க" என்றாள். குனிந்தேன். கட்டுமரத்தில் கம்பு இல்லாததன் அருமை அப்போது விளங்கியது.

காரணம் கடினமில்லை. மொட்டைமாடிக் கொடியில் வேஷ்டி காய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்விளிம்பு சும்மா இருந்தால் காற்றில் வயிறு மாதிரி உப்பும். அதையும் ஒரு கம்பில் நெடுக இறுக்கிக் கட்டினால் அந்த இடம் உப்ப முடியாது. பாய் என்பது காற்றைத் தடுக்கும் சுவர் இல்லை. வளைந்த அதன் மேல் காற்று திரும்பிப் போகும்போதுதான் இழுவிசை பிறக்கிறது, பறவைச் சிறகு போல. அடிவிளிம்பு தளர்வாக இருந்தால் அந்த வளைவை ஒரே கயிற்றால் கூட்டலாம், குறைக்கலாம். மெல்லிய காற்றுக்கு ஆழமான வளைவு, பலத்த காற்றுக்குத் தட்டையான பாய்.

அப்படியானால் நெடுகக் கட்டியவர்கள் முட்டாள்களா? இல்லை. பருத்திப் பாய் இழுத்தால் நீளும். இரண்டு மூலையில் மட்டும் பாரத்தைப் போட்டால் துணி கோணலாகிவிடும். அதனால் பாரத்தை விளிம்பு முழுவதும் பரப்பினார்கள். செயற்கை இழைத் துணி வந்த பிறகு மூலைகளே பாரத்தைத் தாங்குகின்றன. அந்தந்தத் துணிக்கு அந்தந்தக் கட்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் குடும்பக் குழுவில் 'எல்லாம் தமிழனே கண்டுபிடித்தான்' என்ற செய்திகள் தினமும் வருகின்றன. அடிவிளிம்பைக் கட்டாமல் விடுவது நமக்கு மட்டும் சொந்தமானது அல்ல. லண்டன் தேம்ஸ் ஆற்றில் சரக்கு ஏற்றிய பெரிய பாய்ப்படகுகளிலும் பிரதான பாய்க்கு அடிக்கம்பு கிடையாது. வேலை செய்கிறவர்கள் உலகம் முழுவதும் தங்கள் தேவைக்கேற்ற வழியைக் கண்டிருக்கிறார்கள். நமக்கே உரிய பெருமையும் உண்டு. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடி 1697ல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரைக் கட்டுமரத்தை எழுதினார். அந்தச் சொல்தான் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆயிற்று. பிறகு இரட்டை உடல் கொண்ட படகுகளுக்கு அந்தப் பெயர் போய் ஒட்டிக்கொண்டது. நம் கட்டுமரத்துக்கு இரட்டை உடல் கிடையாது, பெயரில் உள்ளபடி கட்டிய மரங்கள்தான். சென்னை மாகாண மீன்வளத் துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளின் அமைப்பை ஆராய்ந்து 1920ல் ஒரு நூல் வெளியிட்டார். படகைக் கட்டியவர்களையும் ஓட்டியவர்களையும் நேரில் பார்த்து எழுதியவர். வரலாற்று ஆசிரியையான நான் செய்யாத வேலை அது.

இளையவர்களுக்கு ஒரு செய்தி. ஒலிம்பிக்கில் ஓடும் 'லேசர்' படகு உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருவர் மட்டும் ஓட்டுவது, நீளம் சுமார் 4.2 மீட்டர். 1970களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்து, 1996 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. இப்போது ஐஎல்சிஏ என்று பெயர். அதன் பாயும் இதே வகைதான். முன்பக்கம் உறை மாதிரித் தைத்து மரத்தில் சொருகிவிடுவார்கள். பின்மூலையை மட்டும் கம்பில் கட்டுவார்கள். நடு விளிம்பு சும்மா இருக்கும். சென்னைப் பெண் நேத்ரா குமணன் 2021 ஏப்ரலில் ஓமனில் நடந்த போட்டியில், பாய்ப்படகுப் பிரிவில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். அவர் ஓட்டியது அந்தப் படகின் ரேடியல் வகை. விஷ்ணு சரவணனும் அதே குடும்பத்துப் படகில்தான் டோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் போனார். தொலைக்காட்சியில் அடுத்த முறை பார்க்கும்போது கம்புக்கும் பாய்க்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு சாண் இருக்கிறதா என்று எனக்கு எழுதுங்கள்.

சரி, கொடைக்கானலில் பாய் எங்கே? ஏரியில் நாம் பார்ப்பதெல்லாம் துடுப்பும் மிதிகட்டையும்தான். 1890ல் தொடங்கிய கிளப்பின் பெயரிலேயே படகோடு துடுப்பும் இருக்கிறது. ஏரியைப் பார்த்தால் காரணம் புரியும். பரப்பு சுமார் 60 ஏக்கர். நட்சத்திரம் போலக் கைகள் நீண்ட வடிவம். சுற்றிலும் குன்றுகளும் மரங்களும். கடலில் கொண்டலோ கச்சானோ அடித்தால் மணிக்கணக்கில் ஒரே திசையில் அடிக்கும், அதை நம்பிப் பாயைக் கட்டலாம். இங்கே காற்று ஒரு கையில் ஒரு மாதிரி, அடுத்த கையில் வேறு மாதிரி. மூடுபனி இறங்கினால் காற்றே நின்றுபோகும். அதோடு இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே வேகத்தில் அடித்தாலும் பாயைத் தள்ளும் பலம் அந்த அளவுக்குக் குறையும். பாய் ஓட்டவே முடியாது என்றில்லை. ஆனால் தூத்துக்குடிப் படகுக்கு இங்கே அதிகம் உதவக்கூடியது துடுப்புதான்.

இதை 1986லேயே அந்தப் பையனோடு சேர்ந்து யோசித்திருக்கலாம். புவியியல், அறிவியல், வரலாறு மூன்றும் ஒரே கேள்வியில் இருந்தன. பாதி விடை அவன் வீட்டிலேயே இருந்தது, ஆஞ்சான், தாமான், பருமல் என்று அவன் அப்பா வாயில். நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். நான் ஒவ்வொரு துளையிலும் கயிறு விட்டுக் கட்டுகிற டீச்சராக இருந்தேன்.

படகை இழுத்துக் கரை சேர்த்ததும் அவரிடம் கேட்டேன். "தம்பி, ஏரிக்கரையில நீ ரெண்டு கேள்வி கேட்டியே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு டீச்சர்."

"எனக்கு அன்னிக்குப் பதில் தெரியாது. தெரியாதுன்னு சொல்லாம உன்னைத் திட்டிட்டேன். அது தப்பு."

அவர் கொஞ்ச நேரம் பாயைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "எங்கப்பாகிட்டயும் அன்னிக்கே கேட்டேன் டீச்சர். 'தூக்கினவன் எவனோ, நம்ம ஆளாத்தான் இருப்பான்'னாரு" என்றார். அவர் அப்பா இப்போது இல்லை. நான் கேட்க நினைத்த மற்ற சொற்களும் அவரோடு போய்விட்டன.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். பெரியகுளம், வத்தலக்குண்டு, செண்பகனூர், பண்ணைக்காடு பக்கத்தில் உங்கள் தாத்தா, பூட்டன் யாராவது மலைப்பாதையில் டோலி தூக்கியதாக, மூட்டை சுமந்ததாக வீட்டில் பேச்சு உண்டா? கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் வீட்டில் பாய் கட்டிய பெரியவர்கள் இருக்கிறார்களா? இன்றைக்கே உட்கார்ந்து கேளுங்கள். பாயின் ஒவ்வொரு மூலைக்கும் என்ன பெயர், ஒவ்வொரு கயிற்றுக்கும் என்ன பெயர் என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கீழே பின்னூட்டத்திலும் போடுங்கள். நான் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் சேர்த்து எழுதி வருகிறேன்.

இன்னும் பணியில் இருக்கும் ஆசிரியப் பிள்ளைகளே, கடைசி வரிசையில் கை தூக்கினால் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள். குளிர் அதிகமாக இருக்கிறது, கொடைக்கானலில் இருப்பவர்கள் காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்